பக்கத்தைத் திருப்புவது அவள் வேலை

குழந்தைகளுக்கான படப் புத்தகம் ஒன்றை நான் தனியாக வாசித்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்றரை வயதுப் பேத்தியோடு உட்கார்ந்தால் அதே புத்தகம் அரை மணி நேரம் போகும், சில நாள் முக்கால் மணி நேரம்கூட ஆகும், சில நாள் நாலாவது பக்கத்திலேயே நின்றுவிடும், கதை என்ன ஆனது என்று அவளும் கேட்க மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன். இதுதான் சரியான வேகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேரன் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு புத்தகம் வாசிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களிடம் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: கதையை முடித்துக் காட்டுவது நம் வேலை இல்லை. பக்கத்தைத் திருப்புகிற உரிமையைக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். அது முன்னால் போகட்டும், பின்னால் போகட்டும், ஒரே பக்கத்தில் நின்றுகொள்ளட்டும்.

அப்பா அம்மாவுக்கு இப்படி உட்கார நேரம் கிடைப்பது கஷ்டம். அவர்கள் கையில் புத்தகம் வருவதே ராத்திரி, குழந்தையைத் தூங்க வைக்க வேண்டிய நேரத்தில்தான், நாளைக்குக் காலையில் செய்ய வேண்டிய வேலை ஒரு பக்கம் மனசில் ஓடிக்கொண்டிருக்கும். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நமக்கு அந்த நெருக்கடி இல்லை, அதனால் நம்மால் மட்டுமே கொடுக்க முடிந்த ஒன்று இருக்கிறது, சாவகாசம். அதைக் கொடுக்காமல் வேறு எதைக் கொடுத்து என்ன?

எங்கள் வீட்டில் ஒரு புத்தகம் உண்டு. குடையைத் தொலைத்துவிட்ட குட்டி யானை ஒன்று காட்டில் பார்க்கிறவர்களை எல்லாம் நிறுத்தி, என் குடையைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டே போகும். பக்கத்துக்கு இரண்டு வரிதான். முயலிடம் கேட்கும், அணிலிடம் கேட்கும், தூங்குகிற கரடியை எழுப்பிக் கேட்கும். அந்தக் கரடிப் பக்கத்தில் என் குரல் தடித்துக் கொட்டாவி விட்டுக்கொண்டு இருக்கும்போது அவள் விரல் பக்கத்தின் கீழ் ஓரத்தில் போய் நின்றது. "தாத்தா, இது எங்கே போகுது?" என்றாள். கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தால், புல்லுக்கு நடுவில் நகத்தளவு ஒரு நத்தை. அப்புறம் அவளே முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். அங்கேயும் அது இருந்தது, மரத்து வேர் ஓரமாக, இடது மூலையில். அடுத்த பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்திருந்தது, அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். கடைசிப் பக்கத்தில் யானைக்குக் குடை கிடைத்து அதை விரித்துப் பிடித்திருக்கும்போது, அந்தக் குடைக்குக் கீழே யானையின் காலடியில் நத்தையும் நிற்கிறது. எழுத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஓவியர் தன் பங்குக்கு இன்னொரு கதையை ஓரத்தில் வரைந்து வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்தப் புத்தகத்தில் எங்களுக்கு இரண்டு கதை. யானையை நான் வாசிக்கிறேன், நத்தையை அவள் சொல்கிறாள். "அது அவங்க அப்பா வீட்டுக்குப் போகுது. மழை வரும்ல, அதான் வேகமாப் போகுது." அடுத்த நாள் கேட்டால் அப்பா வீடு இல்லை, பள்ளிக்கூடம். அதற்கடுத்த நாள் நத்தைக்கும் குடை வேண்டுமாம், யானை தரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாம், அதனால்தான் பின்னாலேயே போகிறதாம். அச்சில் இருக்கிற கதை மாறவே இல்லை, நத்தையின் கதை மட்டும் தினம் வளர்ந்துகொண்டிருந்தது.

நாம் எழுத்தைப் பார்க்கிறோம், குழந்தை படத்தைப் பார்க்கிறது. கேட்டால் சாதாரண விஷயமாகத் தெரியும், ஆனால் மடியில் குழந்தையை வைத்து வாசிக்கும்போது இது மறந்தே போகிறது. 2005-ல் கனடா ஆய்வாளர்கள் இருவர் இதை அளந்தே பார்த்தார்கள். பெரியவர்கள் வாசித்துக் காட்டும்போது, பள்ளிக்கூடம் போகிற வயது இன்னும் வராத குழந்தைகளின் கண்கள் பக்கத்தில் எங்கே எங்கே போகின்றன என்று கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். கண்கள் ஏறக்குறைய முழு நேரமும் படத்தில்தான் இருந்தன, எழுத்துப் பக்கம் எப்போதாவது தற்செயலாகப் போய் வந்ததோடு சரி. குழந்தை கவனிக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. காதால் கதையை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடானதைப் படத்தில் தேடுகிறது. அந்தத் தேடலுக்கு நேரம் வேண்டும். இரண்டு வரியை மூன்று விநாடியில் வாசித்துவிட்டுப் பக்கத்தைத் தள்ளிவிட்டால் பாதித் தேடலில் படம் கண் முன்னாலிருந்து மறைந்துபோகிறது. பிள்ளைகள் பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அது அடம் இல்லை. இன்னும் பார்த்து முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

படத்தில் விரல் வைத்துக் கற்பது புது வித்தையும் இல்லை. இன்றைய செக் நாட்டுப் பகுதியில் பிறந்த கொமேனியஸ் என்கிற கல்வியாளர் 1658-ல் நியூரம்பெர்க்கில் வெளியிட்ட புத்தகத்தைத்தான் குழந்தைகளுக்கென்று செய்த முதல் படப் புத்தகங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். லத்தீனும் ஜெர்மனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், மேலே மரக்கட்டை அச்சில் படம். படத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் சின்னதாக எண் போட்டு, கீழே சொல்லுக்குப் பக்கத்தில் அதே எண்ணைப் போட்டிருப்பார். அதாவது குழந்தை படத்திலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து படத்துக்கும் விரலை நகர்த்தலாம். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது ஆரம்பம்தான். எழுத்துக்களை அறிமுகப்படுத்தும்போது காக்கை இப்படிக் கத்தும், ஆட்டுக்குட்டி இப்படிக் கத்தும் என்று ஒவ்வொரு எழுத்தையும் ஒரு பிராணியின் ஓசையோடு சேர்த்துக் கொடுக்கிறார். முந்நூற்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றைக்கும் நாம் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு மே மே என்று கத்திக்கொண்டிருக்கிறோம். கூச்சப்படாமல் நன்றாகக் கத்துங்கள். கரடி கரடி மாதிரியும் எலி எலி மாதிரியும் பேச வேண்டும். ஒரு நாள் கொடுத்த குரலை மறுநாள் மாற்றிவிட்டால் எங்கள் வீட்டில் உடனே திருத்தம் வரும்: "அது கரடி இல்லே தாத்தா, நீ முயல் மாதிரி பேசுறே."

பக்கம் திருப்புவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் படப் புத்தகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. உலகம் முழுக்கப் பெரும்பாலான படப் புத்தகங்கள் 32 பக்கம்தான், கையில் இருப்பதை எண்ணிப் பாருங்கள். பெரிய தாளில் இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்தால் 8, 16, 32 என்றுதான் பக்கங்கள் வரும், அதனால் வந்த கணக்கு. அதில் தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் எல்லாம் போகக் கதைக்குக் கிடைப்பது பன்னிரண்டு, பதினான்கு விரிப்புகள், அதாவது புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டிரண்டு பக்கங்கள். இந்தச் சின்ன இடத்துக்குள் எழுத்தாளர் என்ன செய்கிறார் என்றால், கேள்வியை வலது பக்கத்தின் கடைசியில் வைத்துவிட்டு, பதிலைத் தாளுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார். "புதருக்குப் பின்னால் ஏதோ அசைந்தது..." என்று நிற்கும். திருப்பினால்தான் என்னவென்று தெரியும். அந்த இடத்தில் நாம் வாசிப்பதை நிறுத்திவிட வேண்டும், முழுசாக நிறுத்திவிட வேண்டும். குழந்தையின் கை தானாகத் தாள் மூலைக்குப் போகும், பிஞ்சு விரலுக்குத் தாள் பிடிபடாமல் இரண்டு பக்கம் சேர்ந்து வரும், பிரிப்பதற்குள் பொறுமை போய்விடும், நாம் உதவிக்குக் கையைக் கொண்டுபோனால் தட்டிவிடும். அந்தத் தவிப்பு வேண்டும். கதை என்பதே அந்தத் தவிப்புதானே.

அப்புறம் திரும்பத் திரும்ப ஒரே புத்தகம் கேட்கிற விஷயம். எல்லா வீட்டிலும் இருக்கிற புகார் இது. அலமாரியில் அத்தனை புத்தகம் இருக்க, நேற்று வாசித்ததையே இன்றும் தூக்கிக்கொண்டு வருகிறாளே என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் அலுப்பே இல்லை, அவளோடு சேர்ந்து நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது பார்க்கிறேன். இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஸிகா ஹோர்ஸ்ட் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 2011-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரு பகுதிக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், மற்றவர்களுக்கு வேறு வேறு கதைகள். புதுச் சொற்கள் இரண்டு பக்கமும் ஒன்றுதான், அவற்றைக் கேட்ட தடவையும் ஒன்றுதான். ஒரே கதையைக் கேட்டவர்களுக்குத்தான் அந்தச் சொற்கள் நன்றாக மனசில் நின்றன. யோசித்துப் பார்த்தால் புரிகிறது. முதல் தடவை என்ன நடக்கிறது என்று பிடிப்பதிலேயே குழந்தையின் முழுக் கவனமும் போய்விடுகிறது. கதை தெரிந்த பிறகுதான் கரடியின் முகத்தைப் பார்க்க, தெரியாத சொல்லைக் காதில் நிறுத்த, ஓரத்து நத்தையைக் கண்டுபிடிக்க அவகாசம் வருகிறது. இன்னொன்றும் இருக்கிறது. அடுத்து என்ன வரும் என்று அந்தக் குழந்தைக்கு முன்கூட்டியே தெரிகிற இடம் உலகத்தில் ரொம்பக் குறைவு. எப்போது தூங்க வேண்டும், எங்கே போக வேண்டும், யார் வருவார்கள் என்று எல்லாவற்றையும் பெரியவர்கள்தான் தீர்மானிக்கிறோம். குடை கடைசிப் பக்கத்தில் கிடைக்கும் என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த நிச்சயத்தை ஒரு தடவைக்கு நாலு தடவை கேட்டு வாங்கிக்கொள்கிறாள், கேட்கட்டும்.

அதனால்தான் தெரிந்த கதையில் ஒரு வரியை விட்டுவிட்டால் பிள்ளைகளுக்கு அப்படிக் கோபம் வருகிறது. சீக்கிரம் முடிப்பதற்காக வரியை விழுங்கினால் கண்டுபிடித்துவிடுவார்கள். வேறு விதமாகச் செய்து பாருங்கள், வரியின் கடைசிச் சொல்லை மட்டும் சொல்லாமல் நிறுத்துங்கள். "என் குடையைப்..." என்று நான் நிறுத்தினால் "பாத்தீங்களா!" என்று வீடே அதிர அவள் முடிப்பாள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாத பிள்ளை, ஆனால் பாதிப் புத்தகத்தை அவள்தான் வாசிக்கிறாள்.

கேள்வி கேட்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான அபிப்பிராயம் உண்டு. புத்தகத்தைத் திறந்ததும் இது என்ன கலர், இது எத்தனை இருக்கு, இது என்ன பிராணி, எங்கே சொல்லு என்று ஆரம்பித்துவிடுகிறோம். விருந்தாளி வந்துவிட்டால் இன்னும் மோசம். பதில் நமக்கே தெரிந்த கேள்வியை ஒருவரிடம் கேட்டுக்கொண்டே இருப்பது பரீட்சை, அதைக் கதை நேரத்தில் வைக்காதீர்கள். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவர் குழுவும் 1988-ல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் ரொம்பப் பேசப்படுவது. வீட்டில் எப்படியும் புத்தகம் வாசித்துக் காட்டுகிற பெற்றோர்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினரிடம் வாசிக்கிற முறையை மட்டும் மாற்றச் சொன்னார்கள். ஆமாம் இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் குறைத்து, குழந்தை நாலு வார்த்தை பேச வேண்டிய கேள்விகளைக் கேட்பது, குழந்தை சொன்னதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நீட்டிச் சொல்வது, இவ்வளவுதான் மாற்றம். குழந்தைகளுக்கு ஏறக்குறைய இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள். சில வாரங்களிலேயே அந்தப் பிள்ளைகள் பேச்சில் மற்றவர்களைவிட மாதக்கணக்கில் முன்னால் போயிருந்தார்கள்.

இதைச் செய்வது ரொம்பச் சுலபம். "இங்கே என்ன நடக்குது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவள் "கரடி" என்று மட்டும் சொல்வாள். "ஆமா, கரடி தூங்கிட்டு இருந்துச்சு, இப்போ கோவமா முழிச்சுப் பார்க்குது" என்று நீங்கள் நீட்டினால், அடுத்த தடவை "கரடி கோவமா முழிச்சுப் பார்க்குது" அவளிடமிருந்து வரும். கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் இதில் முக்கியம். குழந்தை யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் நம் பேச்சு வேகத்துக்கு ரொம்ப நீளமாகத் தெரியும், நாமே பதிலைச் சொல்லிவிட நாக்கு துடிக்கும். மனசுக்குள் மெதுவாக ஐந்து எண்ணுங்கள். அந்த ஐந்துக்குள் வருகிற பதில் சில சமயம் புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாக இருக்கும்.

தமிழில் வாசிக்கிற நமக்கு இன்னொரு கேள்வி உண்டு, அச்சில் இருக்கிறபடி வாசிப்பதா, பேச்சுத் தமிழில் சொல்வதா? புத்தகத்தில் யானை "சென்றது, கேட்டது, திகைத்தது" என்று இருக்கும், வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அவளுக்கு இரண்டு வயது வாக்கில் நான் முழுக்கப் பேச்சுத் தமிழிலேயே சொன்னேன், யானை போச்சு, கேட்டுச்சு என்றுதான். கதை பழகின பிறகு அச்சில் இருப்பதை அப்படியே வாசிக்க ஆரம்பித்தேன். அவளுக்கு அது வித்தியாசமாகப் படவே இல்லை, புத்தகத்துக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். அதன்பின் ஒரு நாள் பொம்மை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, தேடித் தேடிக் கிடைக்காமல் என்னிடம் வந்து நின்று, "தாத்தா, நான் திகைத்துப் போயிட்டேன்" என்றாள். அந்தப் பிள்ளை வாயில் அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அதனால் கடினமான சொல் என்று நாமே முன்கூட்டி முடிவு கட்டி அதைச் சுலபமான சொல்லாக மாற்றிவிடுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் 1988-ல் ஹேய்ஸ், ஆரென்ஸ் என்கிற இருவர் இதைக் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான புத்தகங்களில் 1000 சொற்களுக்குச் சுமார் 31 அரிய சொற்கள் வருகின்றன, கல்லூரிப் படிப்பு முடித்த பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது சுமார் 17 தான். அன்றாடப் பேச்சில் அபூர்வமாகவே காதில் விழும் சொற்கள் இந்த 32 பக்கத்துக்குள்ளும் இருக்கின்றன. புரியவில்லையென்றால் பிள்ளை கேட்கும், கேட்கவில்லையென்றாலும் படமும் குரலும் அர்த்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடும்.

புத்தகத்தின் கடைசியில் "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்னவென்றால்" என்று தனியாக இருக்கும் வரியை நான் வாசிப்பதில்லை. பொய் சொல்லக் கூடாது என்பது கதையிலேயே இருந்தால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், கதையில் இல்லாவிட்டால் கடைசி வரி சொல்லி என்ன ஆகப்போகிறது. அமுக்கினால் சத்தம் போடும் புத்தகங்களும் எங்களுக்குள் எடுபடவில்லை. பொத்தான் கத்திக்கொண்டிருக்கும்போது நாம் பேசுவதில்லை, பிள்ளையும் பேசுவதில்லை.

பயம், சாவு, அழுகை வரும் கதைகளை ஒளித்து வைக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். குட்டி தொலைந்துபோய் அம்மாவைத் தேடும் பக்கம் வந்தால் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள், ஆனால் பக்கத்தைத் தாண்ட விடமாட்டாள். பயப்படுவதற்கு இதைவிடப் பத்திரமான இடம் அவளுக்கு எங்கே கிடைக்கும்? மடியில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தைத் திருப்பும் அதிகாரம் அவள் கையில், வேண்டாம் என்றால் புத்தகத்தை மூடிவிடலாம். ஒரு கதையில் பாட்டி ஒருத்தி இனி வரமாட்டாள் என்று வந்தபோது, "ஏன் வரமாட்டா?" என்று கேட்டாள். செத்துப்போய்விட்டாள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு, அந்தப் பாட்டியின் செருப்பு இன்னும் வாசலில் இருக்கிறதே என்று காட்டினாள். அதைப் பற்றி இரண்டு பேரும் நிறையப் பேசினோம், செருப்பை யார் எடுத்து வைப்பார்கள், பாட்டியுடைய பூனை என்ன செய்யும் என்று. சாமி, சொர்க்கம் என்று நானாக எதுவும் சேர்க்கவில்லை. அவள் கேட்டது பூனையைப் பற்றித்தான்.

பேச்சு வராத கைக்குழந்தைக்கும் புத்தகம் உண்டு. மகன் வழிப் பேரனுக்கு இப்போதுதான் ஒன்றரை வயசு, தொலைவில் இருக்கிறான். ஒன்பது மாதத்தில் இங்கே வந்திருந்தபோது அட்டைப் புத்தகத்தில் இருக்கும் பந்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுக்கப் பார்ப்பான். ஜூடி டிலோச் என்கிற ஆய்வாளர் இந்த வயதுக் குழந்தைகளைப் பார்த்துத்தான் 1998-ல் எழுதினார், படத்தை நிஜப் பொருள் மாதிரியே பிடிக்க, தடவ, பிடுங்கப் பார்ப்பார்கள், ஒன்றரை வயது தாண்டும்போது பிடுங்குவதை விட்டுவிட்டு விரலால் சுட்டிக் காட்ட ஆரம்பிப்பார்கள் என்று. பந்து தாளில் இருக்கிறது, ஆனால் பந்து இல்லை. எவ்வளவு பெரிய விஷயத்தை அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கிறது பாருங்கள்! கடிக்கட்டும், சுரண்டட்டும், தலைகீழாகப் பிடிக்கட்டும். கெட்டி அட்டை அதற்குத்தான்.

அவனோடு இப்போது வீடியோ அழைப்பில் வாசிக்கிறேன். ஒன்றரை வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்று 2016-ல் அறிவுறுத்திய அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தது. செய்ய நினைக்கிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் ஒரு யோசனை: ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி ஒன்றை அங்கே வைத்துவிடுங்கள். நான் இங்கே வாசிக்க, அவன் அம்மா மடியில் உட்கார்ந்து தன் பிரதியில் பக்கம் திருப்புகிறான். நான் ஒரு பக்கத்தில் இருப்பேன், அவன் வேறு பக்கத்தில் இருப்பான், நான் அவன் பக்கத்துக்குப் போய்விடுவேன். புத்தகத்தைக் கேமரா முன்னால் ஆட்டிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எழுத்து எப்போது சொல்லிக்கொடுப்பது என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை, அவளே கேட்கும்போது சொல்கிறேன். வாசிக்கும்போது சில சமயம் வரிக்குக் கீழே விரலை ஓட்டுவேன், அவ்வளவுதான். தன் பேரின் முதல் எழுத்து யானையின் வாக்கியத்துக்கு நடுவில் இருப்பதைப் பார்த்து, "என் எழுத்து ஏன் இங்கே இருக்கு?" என்று கோபமாகக் கேட்டது அப்படித்தான்.

உட்காரும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் பின்னாலிருந்து தோளுக்கு மேலாக விழட்டும். வெள்ளெழுத்து வந்த நம் கண்ணுக்குப் புத்தகம் தள்ளி இருக்க வேண்டும், பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டும் ஒத்து வர வாசிக்கும் கண்ணாடியை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு உட்காருங்கள், நடுவில் எழுந்தால் கதை போய்விடும். புத்தக அலமாரி அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும், முடிந்தால் முதுகு தெரியாமல் முன்னட்டை தெரிகிற மாதிரி. முதுகில் இருப்பது எழுத்து, அதை வைத்து அவளால் தேர்ந்தெடுக்க முடியாது. எழுந்து ஓடிவிட்டால் கூப்பிடாதீர்கள். நான் பாட்டுக்கு மெல்ல வாசித்துக்கொண்டிருப்பேன், முக்கால்வாசி நேரம் அடுத்த பக்கத்துக்குள் திரும்பி வந்துவிடுவாள், வராவிட்டால் மூடி வைத்துவிடுவேன்.

இப்போது நாங்களே ஒரு புத்தகம் செய்துகொண்டிருக்கிறோம். இரண்டு தாளை மடித்து நடுவில் தைத்தால் எட்டுப் பக்கம் கிடைக்கிறது. அவள் சொல்லச் சொல்ல அவள் வார்த்தையை மாற்றாமல் நான் எழுதுகிறேன், படம் அவளுடையது. கதாநாயகன் நத்தை. அது ரயிலில் போகிறது, ஐந்தாவது பக்கம் வரை வந்துவிட்டோம், யானையை ரயிலில் ஏற்றுவதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை.